வீட்டுப் பட்டறையில் ஃபிளை கட்டும் வைஸ்: தாடையில் தொடங்குவதா, சுழற்சியில் தொடங்குவதா?

#1 ஓடைக்கரை (கோவை)

அனைவருக்கும் வணக்கம். ஃபிளை (மீனை ஈர்க்கத் தூண்டில் முள்ளில் இறகையும் முடியையும் நூலால் கட்டிச் செய்யும் போலி இரை) கட்டும்போது முள்ளைப் பிடித்துக்கொள்ளும் வைஸ் ஒன்றை நானே வடிவமைத்துச் செய்ய விரும்புகிறேன். வரைபடத்தை இறுதி செய்வதற்கு முன் இங்குள்ள அனுபவசாலிகளின் கருத்தைக் கேட்க வேண்டும் என்பதால் இந்த இழையைத் தொடங்குகிறேன்.

என் தேவை இரண்டு துருவங்களாக நிற்கிறது. நீலகிரி ஓடைகளில் உள்ள டிரௌட் மீனுக்காக 12 முதல் 16 வரையிலான எண் கொண்ட சிறிய முட்களில் கட்டுகிறேன். அவற்றின் கம்பி ஏறத்தாழ அரை மி.மீ. தடிமன்தான் இருக்கும். கழிமுகங்களில் கொடுவா மீனுக்காக 1/0, 2/0 என்ற பெரிய முட்களிலும் கட்டுகிறேன். அவற்றின் கம்பி 1.2 மி.மீ.-க்குக் குறையாது. இப்போது என்னிடம் இருப்பது, அமெரிக்காவின் தாம்சன் 'ஏ' மாதிரியைப் பின்பற்றி நம் நாட்டிலேயே செய்யப்படும் எளிய நெம்புகோல் வைஸ். 12ஆம் எண் முள்ளை அது நன்றாகவே பிடிக்கிறது. ஆனால் 2/0 முள்ளில் மான் முடியைச் சுற்றி நூலை இழுக்கும்போது முள் தாடைக்குள் மெல்லக் கீழே சாய்ந்துவிடுகிறது.

நான் மனத்தில் வைத்திருக்கும் வடிவம் இது. முள்ளின் தண்டு சுழல் அச்சின் மீதே அமையும் முழுச் சுழற்சி வைஸ், 10 மி.மீ. சுழல் தண்டு, அதைத் தாங்க 6000 எண் பேரிங் இரண்டு, முன்னால் கூம்பு வளையத்துக்குள் பின்னோக்கி இழுக்கப்பட்டு மூடிக்கொள்ளும் காலட் தாடை, கீழே 150 × 100 × 12 மி.மீ. இரும்புத் தகட்டு அடித்தளம். உறவினரின் பட்டறையில் லேத்தும் பில்லர் டிரில்லும் இருக்கின்றன. மில்லிங் இயந்திரம் இல்லை. இந்த வடிவத்தில் எது பலவீனம், எதிலிருந்து தொடங்கலாம் என்று சொல்லுங்கள்.

#2 ஆற்றுவளைவு (கல்கரி)

நல்ல முயற்சி. இங்கே போ ஆற்றில் மழைவில் டிரௌட்டுக்கும் பழுப்பு டிரௌட்டுக்கும் கட்டுகிறவன் நான். பல ஆண்டுகளாக முழுச் சுழற்சி வைஸில்தான் கட்டுகிறேன் என்பதால் அதைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

சுழலும் வைஸ் எல்லாம் ஒன்றல்ல. தாடை தன் சொந்த அச்சில் திரும்பினால், முள்ளைக் கவிழ்த்து அடிப்புறத்தைப் பார்க்கலாம், அவ்வளவுதான்; தண்டு ஒரு வட்டம் போட்டுக்கொண்டு மேலும் கீழும் போகும். தண்டே அச்சாக அமைந்துவிட்டால், நூலை அசையாமல் வைத்துக்கொண்டு முள்ளைச் சுழற்றலாம். உலோகக் கம்பியையும் கழுத்திறகையும் சீரான இடைவெளியில் சுற்ற இதைவிட எளிய வழி இல்லை. அதற்கு மூன்று பொருள்கள் வேண்டும்: தாடையை அச்சுக்குக் கீழே இறக்கும் முழங்கை போன்ற இணைப்பு, தாடையை முன்பின் நகர்த்த ஒரு காடி, சுழலும்போது நூல்கண்டு மாட்டிய பாபினைத் தாங்க அச்சுக்கோட்டில் நிற்கும் தாங்கி.

அந்தக் காடியைச் சிறிதாக வைத்துவிடாதீர்கள். முள்ளை நாம் பிடிப்பது வளைவில். தண்டு அதற்கு மேலே, முள்ளின் வாயகலம் எவ்வளவோ ஏறத்தாழ அவ்வளவு தொலைவில் இருக்கிறது. 16ஆம் எண்ணுக்கு அது சில மி.மீ.; 2/0 முள்ளுக்கு அதைப் போல மூன்று மடங்கு வரும். உங்கள் இரு துருவங்களையும் தண்டு அச்சில் நிற்கும்படி வைக்க வேண்டுமானால், தாடையின் உயரம் குறைந்தது 12 மி.மீ. மாற்றக்கூடியதாக இருக்க வேண்டும். தாடை 45 டிகிரி சாய்ந்திருந்தால், அந்த 12 மி.மீ. உயரத்துக்கு அதன் நீளவாக்கில் 17 மி.மீ. நகர்வு தேவைப்படும்.

#3 அரமும் அளவியும் (பீளமேடு)

தம்பி ஓடைக்கரை, நான் ஃபிளை கட்டத் தொடங்கியது ஓய்வுபெற்ற பிறகுதான். ஆனால் டூல் ரூமில் தாடைகளும் பிடிப்பான்களும் செய்தே வாழ்நாளைக் கழித்தவன். உங்கள் குறிப்பில் பேரிங்கின் எண் இருக்கிறது, அடித்தளத்தின் தடிமன் இருக்கிறது. தாடையைப் பற்றி ஒரு சொற்றொடர்தான் இருக்கிறது. உங்களைத் துன்புறுத்தும் குறையோ முள் தாடைக்குள் சாய்வது. அது சுழற்சியால் தீராது. தாடையை முதலில் செய்யுங்கள். அதை மரக்கட்டையில் பதித்துக் கட்டிப் பாருங்கள். அது உங்கள் இரண்டு முட்களையும் பிடிக்கிறது என்று உறுதியான பின் மற்றவற்றை அதைச் சுற்றி வடிவமைக்கலாம்.

முள் ஏன் சாய்கிறது என்பதைக் கணக்காகப் பாருங்கள். தாடை நுனி முள்ளைத் தொடும் நீளம் 2 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். 50 கிலோ விசையோடு அழுத்தினால், உராய்வுக் கெழு 0.15 என்று கொண்டால், இரு பக்கமும் சேர்த்து 15 கிலோ தடை கிடைக்கும். 15 கிலோ என்பது நூல் அறுபடும் எல்லையைவிட மிக அதிகம் என்பதால் போதும் என்று தோன்றும். ஆனால் நூல் முள்ளை நேராக இழுப்பதில்லை; தண்டின் மீது தொலைவில் நின்று நெம்புகிறது. அந்த நெம்புதலை எதிர்க்க 2 மி.மீ. தொடுபரப்பில் உள்ள உராய்வுக்கு ஏறத்தாழ 1 மி.மீ. கைநீளம்தான் உண்டு, ஆகவே எதிர்ப்புத் திருப்புவிசை 15 கிலோ-மி.மீ. அளவில் நிற்கிறது. சிறிய முள்ளில் அரை கிலோ இழுப்பு 15 மி.மீ. தொலைவில் விழுந்தால் 7.5 கிலோ-மி.மீ.; முள் நிற்கும். 2/0 முள்ளில் ஒன்றரைக் கிலோ இழுப்பு 30 மி.மீ. தொலைவில் விழுந்தால் 45, முள் சாயும். தோராயமான கணக்குத்தான், ஆனால் உங்கள் அனுபவத்தோடு பொருந்துகிறது அல்லவா?

ஆகவே பெரிய முள்ளுக்கு அழுத்தத்தைக் கூட்டிக்கொண்டே போவது தீர்வாகாது. தாடை நுனியிலிருந்து சற்றுப் பின்னால் ஒரு பள்ளக் காடி வெட்டி, முள்ளின் வளைவு அதில் உட்காரும்படி செய்ய வேண்டும். அப்போது சாய்வைத் தடுப்பது காடியின் சுவர். உராய்வை மட்டும் நம்ப வேண்டியதில்லை.

காலட் வேண்டாம் என்பது என் கருத்து. கூம்பின் அரைக்கோணம் சிறிதாக இருந்தால் பிடி பலமாக இருக்கும், ஆனால் சிக்கிக்கொள்ளும். எண்ணெய் தடவிய எஃகுக்கு 7 டிகிரிக்கு அருகில் அது தானாக விடுபடாத நிலையை அடைகிறது. 15 டிகிரி வைத்தால் எளிதாக விடுபடும், ஆனால் இழுவிசை இரண்டரை மடங்காகத்தான் பெருகும். இது போகட்டும் என்றாலும், காலட்டின் இரு பாதிகளும் அடிப்பகுதியில் ஒட்டியிருப்பதால், முன்பகுதி இணையாக நிற்பது ஏதோ ஒரு தடிமனுக்கு மட்டும்தான். அரை மி.மீ. கம்பிக்குச் சரியாக இருப்பது 1.2 மி.மீ.-க்குச் சரியாக இருக்காது.

இரு தனித்தனித் தாடைகளைச் செய்யுங்கள். நீளம் 60 மி.மீ.; நுனியிலிருந்து 20 மி.மீ. தொலைவில் இரண்டையும் இணைக்கும் ஒரு எம்4 திருகு. வால் பகுதியில் ஒரு தாடையின் மரையில் ஏறி மற்றதை வெளியே தள்ளும் எம்6 நர்லிங் (சொரசொரப்புத் தலை) திருகு. வால் விரிந்தால் நுனி மூடும். முன்னால் 20, பின்னால் 40 என்பதால் விசை இரு மடங்காகும். விரல்களால் 0.3 நியூட்டன்-மீட்டர் திருப்பினால் எம்6 திருகு ஏறத்தாழ 25 கிலோ தள்ளும். நுனியில் 50 கிலோ கிடைக்கும். மேலே நான் எடுத்துக்கொண்ட 50 கிலோ அங்கிருந்து வந்ததுதான். இதைச் செய்ய மில்லிங் தேவையில்லை. அரமும் பொறுமையும் போதும்.

#4 ஓடைக்கரை

ஐயா, இவ்வளவு விரிவாக எழுதியதற்கு மிக்க நன்றி. கணக்கு தெளிவாக இருக்கிறது. ஒரு தயக்கம் மட்டும் சொல்கிறேன். நெம்புகோல் வைஸில் ஒரே அசைவில் முள் ஏறிவிடும், ஒரே அசைவில் இறங்கிவிடும். ஒரே மாதிரியான ஃபிளையை ஒரு டஜன் கட்டும்போது ஒவ்வொரு முறையும் திருகைச் சுற்றுவது அலுப்பைத் தராதா? வால் பகுதியில் திருகுக்குப் பதிலாகக் கேம் (மையம் விலகிச் சுழலும் வட்டு) வைக்க முடியுமா?

தாடைக்கு எந்த எஃகு, எப்படிச் சூடேற்றுவது என்பதையும் சொன்னால் உதவியாக இருக்கும். சாதாரண இரும்பில் செய்து பார்த்த ஒரு நண்பரின் தாடையில் முள்ளின் தடம் குழியாகப் பதிந்து, பிறகு சிறிய முட்களை அது பிடிப்பதே இல்லை.

#5 அரமும் அளவியும்

முள் கடினப்படுத்தப்பட்ட கார்பன் எஃகுக் கம்பி. மென்மையான இரும்பில் அது குழி விழச்செய்வது இயல்பே. தாடைக்கு ஓ.எச்.என்.எஸ். என்ற கருவி எஃகு வாங்குங்கள். நம் ஊரில் டை (உலோக அச்சு) செய்பவர்கள் எல்லோரும் பயன்படுத்துவது அதுதான். பட்டையாகவும் கம்பியாகவும் வெட்டித் தருவார்கள். எண்ணெயில் குளிர்வித்தே கடினமாகும் வகை என்பதால் வளைவு குறைவு, மெல்லிய உறுப்புகளுக்கு ஏற்றது.

துளை, மரை, காடி, நுனியின் சரிவு எல்லாவற்றையும் முதலில் முடித்துவிடுங்கள். கடினமான பிறகு அரம் ஏறாது. உள்முகத்தில் நுனிக்குப் பின்னால் 3 மி.மீ. விட்டுவிட்டு, அங்கிருந்து இணைப்புத் திருகு வரை 0.3 மி.மீ. ஆழத்துக்கு அராவித் தாழ்த்துங்கள். அப்போதுதான் தாடைகள் நுனியில் சந்திக்கும். காடியை அந்த 3 மி.மீ. பட்டைக்குள்ளேயே, நுனி ஓரத்திலிருந்து ஒன்றரை மி.மீ. பின்னால் வெட்ட வேண்டும். மூலைகளைக் கூர்மையாக விடாதீர்கள். குளிர்விக்கும்போது விரிசல் கூர்மையான உள்மூலையில்தான் தொடங்கும். துளைகளின் ஓரங்களையும் உடைத்துவிடுங்கள்.

சூடேற்றும் வெப்பநிலை 800 டிகிரி செல்சியசை ஒட்டியது. மஃபிள் அடுப்பு கிடைத்தால் நல்லது. இல்லாவிட்டால் கேஸ் டார்ச்சில், நிழலான இடத்தில், ஒரு காந்தத்தை அருகில் வைத்துக்கொண்டு செய்யலாம். எஃகு காந்தத்தில் ஒட்டாமல் போகும் நிலைக்குச் சற்று மேலே, செர்ரிச் சிவப்பில் சில நிமிடங்கள் நிறுத்தி, 50 டிகிரி அளவில் வெதுவெதுப்பாக்கிய எண்ணெயில் செங்குத்தாக இறக்கி ஆட்டுங்கள். எண்ணெய்ப் பாத்திரம் உலோகத்தில் இருக்க வேண்டும். இறுக மூடும் மூடி கைக்கெட்டும் தொலைவில் இருக்க வேண்டும். வேலை திறந்த வெளியில் நடக்க வேண்டும். எண்ணெய் தீப்பிடித்தால் மூடியால் மூடுங்கள், தண்ணீரை ஒருபோதும் ஊற்றாதீர்கள்.

எண்ணெயிலிருந்து எடுத்த தாடை கண்ணாடி போல் நொறுங்கும் நிலையில் இருக்கும். கை பொறுக்கும் சூட்டுக்கு ஆறியவுடனே டெம்பர் (நொறுங்கும் தன்மை குறைய மறுபடி மிதமாகச் சூடேற்றல்) செய்துவிட வேண்டும். மறுநாளைக்கு ஒத்திவைக்கக் கூடாது. இங்கேதான் நிதானம் தேவை. நுனி தேயாமல் இருக்க வேண்டும், இணைப்புத் திருகைச் சுற்றிய பகுதி உடையாமல் இருக்க வேண்டும். இரண்டுக்கும் ஒரே கடினத்தன்மை பொருந்தாது. தாடையின் முகத்தை உப்புத்தாளால் பளபளப்பாக்கிவிட்டு, வால் பக்கத்தில் மெல்லிய சுடரைக் காட்டுங்கள். வைக்கோல் நிறம், பழுப்பு, ஊதா, நீலம் என்ற வரிசையில் நிறங்கள் வாலிலிருந்து நுனியை நோக்கி நகர்ந்து வருவதைக் காணலாம். திருகுப் பகுதி நீலமாகி, நுனி பழுப்பைத் தொட்டவுடன் நிறுத்தி ஆறவிடுங்கள். பழுப்பு என்பது 255 டிகிரியை ஒட்டியது, நீலம் 300 டிகிரியை ஒட்டியது. ஆண்டுக்கணக்கில் இதைச் செய்தவர்களும் இந்த ஓட்டத்தைக் கண்கொட்டாமல்தான் பார்ப்பார்கள், ஏனென்றால் மெல்லிய நுனிக்கு வந்ததும் நிறம் விரைந்து ஓடிவிடும்.

கேம் பற்றிக் கேட்டீர்கள். வைக்கலாம். ஆனால் கேம் தானாகத் திரும்பிவிடாமல் நிற்க, அதன் மையவிலகல் அதன் ஆரத்தில் பத்தில் ஒரு பங்குக்குள் இருக்க வேண்டும். 14 மி.மீ. விட்டமுள்ள கேமுக்கு 0.7 மி.மீ. மையவிலகல், மொத்த நகர்வு 1.4 மி.மீ. வாலில் 1.4 என்றால் நுனியில் அதில் பாதி, 0.7. ஒரே எண் முட்களை மாற்றிக்கொண்டிருக்க அது போதும்; 16இலிருந்து 2/0-க்குத் தாவப் போதாது, முன் திருகை, அதாவது இணைப்புத் திருகை, மாற்றியாக வேண்டும். முதலில் திருகோடு செய்யுங்கள், பிறகு கேமைச் சேர்க்க வாலில் இடம் விட்டுவைத்தால் போதும்.

#6 பனிமலை (நுவரெலியா)

ஐயாவுக்கும் அண்ணாமாருக்கும் வணக்கம். நான் இப்போதுதான் கட்டப் பழகுகிறேன். எனக்குக் கிட்டத்தில் லேத் வசதி கிடையாது. கையில் ஒரு டிரில்லும் ஹாக்சாவும் சில அரங்களும் உள்ளன. டிரௌட்டுக்கான 10 முதல் 14 வரையான முட்கள் மட்டும்தான் எனக்குத் தேவை. இவ்வளவு வேலைப்பாடு இல்லாமல், கற்றுக்கொள்ளும் காலத்துக்குப் போதுமான வைஸ் ஒன்றை எப்படிச் செய்யலாம்?

#7 ஆற்றுவளைவு

பனிமலை, உங்களுக்கு வைஸ் கிரிப் (இறுகப் பூட்டிக்கொள்ளும் இடுக்கி) போதும். மெல்லிய மூக்குள்ள சிறிய வைஸ் கிரிப் ஒன்றை வாங்கி, அதன் தாடை நுனியில் உள்ள பற்களை அராவித் தட்டையாக்குங்கள். பற்கள் இருந்தால் முள் புள்ளிகளில் மட்டும் தொட்டு நழுவும். அசையாத கைப்பிடியை, தாடை மேல்நோக்கி 30 டிகிரி சாய்ந்து நிற்கும்படி, கனமான மரக்கட்டையில் இரண்டு போல்ட்டுகளால் பூட்டுங்கள். அழுத்தத்தைச் சரிசெய்யும் திருகு அதிலேயே இருக்கிறது. விடுவிக்கும் நெம்புகோலும் இருக்கிறது. அழகு குறைவுதான், ஆனால் விலையுயர்ந்த பல வைஸ்களைவிட முள்ளை உறுதியாகப் பிடிக்கும்.

டிரில்லின் அலகைப் பிடிக்கும் சிறிய சக் ஒன்றை ஒரு கம்பியில் மாட்டி அதில் முள்ளை நேரடியாகப் பிடிப்பவர்களும் உண்டு. அதை நான் பரிந்துரைக்க மாட்டேன். மூன்று தாடைகள் உருண்டையான கம்பியை மையத்தில் பிடிக்க அமைந்தவை. வளைந்த முள்ளை அவற்றால் இரு பக்கமும் முழுமையாகத் தொட முடியாது.

முள்ளின் உயரம் மேசையிலிருந்து 17 முதல் 20 சென்டிமீட்டர் வரை இருக்கட்டும். இதைவிடத் தாழ்ந்தால் பாபின் தொங்க இடம் இருக்காது, கழுத்தும் வலிக்கும்.

#8 முக்கோணம் (தஞ்சாவூர்)

நான் இயற்பியல் ஆசிரியன்; அடித்தளத்தைப் பற்றி மட்டும் ஒரு சொல். ஓடைக்கரை குறிப்பிட்ட 150 × 100 × 12 மி.மீ. தகட்டின் எடை 1.4 கிலோ. கட்டுபவர் தன்னை நோக்கி இழுக்கும் திசையில் குறுகிய பக்கம் அமைந்தால், கவிழும் விளிம்பு மையத்திலிருந்து 5 செ.மீ. தொலைவில் இருக்கும், முள் 18 செ.மீ. உயரத்தில் இருந்தால் 0.4 கிலோ கிடைவிசையிலேயே வைஸ் சாயத் தொடங்கும். நீண்ட பக்கத்தைத் தன்னை நோக்கித் திருப்பினால் அதே தகடு 0.6 கிலோ வரை தாங்கும். 20 மி.மீ. தகடாக மாற்றி அதே நிலையில் வைத்தால் எடை 2.35 கிலோவாகி, ஒரு கிலோவுக்குச் சற்றுக் குறைவாகத் தாங்கும்.

மேலே சொன்ன ஒன்றரைக் கிலோ இழுப்பு பெரும்பாலும் கீழ்நோக்கியது என்பதால் இது மான் முடிக்கும் போதலாம். ஆனால் அதற்கு முள் அடித்தளத்தின் எல்லைக்குள், தகட்டின் மேலேயே நிற்க வேண்டும். தூணைத் தகட்டின் நடுவில் நடாமல், இடது விளிம்பை ஒட்டி நடுங்கள். முள் தகட்டைத் தாண்டி வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் கீழ்நோக்கிய இழுப்பே வைஸைக் கவிழ்க்கும். மேசை விளிம்பில் பூட்டும் சி-கிளாம்ப் வைத்தால் இந்தக் கணக்கு எதுவும் தேவைப்படாது. ஆனால் மேசையின் விளிம்பு அதற்கு ஏற்றதாக இருக்க வேண்டும்.

#9 ஓடைக்கரை

அனைவருக்கும் நன்றி. ஐயா சொன்ன வரிசையிலேயே தாடையை முதலில் செய்தேன். ஓ.எச்.என்.எஸ். பட்டை 12 × 6 மி.மீ.; நுனியில் இரு தாடையும் சேர்ந்து 3 மி.மீ. அகலத்துக்குக் கூராக்கியிருக்கிறேன். நிறம் ஓடுவதைப் பார்ப்பது மறக்க முடியாத அனுபவம். 14ஆம் எண் முள்ளை மாட்டி, கண் பகுதியை விரலால் கீழே அழுத்தினால் தண்டு வளைந்து மீள்கிறதே தவிர தாடைக்குள் இம்மியும் அசையவில்லை. சுண்டினால் கணீரென்று ஒலிக்கிறது.

2/0 முள்ளில் வேறு ஒரு நிலைமை. இறுக்க இறுக்க முள் முன்னால் நழுவி வெளியே வரப் பார்க்கிறது. அழுத்தம் கூடும்போது பிடி குறைவது எனக்குப் புரியவில்லை. காடி 1 மி.மீ. அகலம், அரை மி.மீ. ஆழம்.

#10 அரமும் அளவியும்

தம்பி, 14ஆம் எண்ணுக்கு வைத்த முன் திருகை 2/0-க்கு அப்படியே விட்டிருப்பீர்கள் என்று எண்ணுகிறேன். இணைப்புத் திருகில் இடைவெளி அரை மி.மீ. இருக்க, நுனியில் 1.2 மி.மீ. கம்பி நுழைந்தால், உள்முகங்கள் இரண்டும் முன்னோக்கி விரிந்த ஆப்பு வடிவத்தில் நிற்கின்றன. அந்த நிலையில் அழுத்தத்தின் ஒரு பகுதி முள்ளை வெளியே தள்ளும் விசையாக மாறுகிறது; புளியங்கொட்டையை இரு விரல்களுக்கிடையே அழுத்தினால் தெறிப்பதைப் போல. இறுக்கும் அளவுக்குத் தள்ளலும் கூடும்.

முன் திருகைத் தளர்த்தி, இணைப்பில் உள்ள இடைவெளி கம்பியின் தடிமனைவிட ஒரு மயிரிழை கூடுதலாக வரும்படி வையுங்கள். அப்போது முகங்கள் நுனியை நோக்கி மிக மெல்லக் குவிந்து நிற்கும். முள் உள்ளே இழுக்கப்படுமே தவிர வெளியே போகாது. அதிகமாகத் தளர்த்தினால் ஓரம் மட்டும் தொட்டு, சாய்வு மீண்டும் வரும். வெளிச்சத்துக்கு நேரே பிடித்து இரு முகங்களுக்கிடையே ஒளி எங்கே தெரிகிறது என்று பார்த்துச் சரிசெய்வதே எளிது.

இன்னொன்றையும் கவனியுங்கள். முன் திருகின் தலை தட்டையான முகத்தில் உட்கார்ந்தால், தாடைகள் சாயும்போது அது ஒரு பக்கம் மட்டும் முட்டும்; திருகு வளையும். தலையின் அடியில் 60 டிகிரி குழி வெட்டி, உருண்டையாகக் கடைந்த பித்தளை வாஷர் ஒன்றை வையுங்கள். அது தானாகவே சாய்வுக்கு ஏற்ப உட்காரும். காடி 1 மி.மீ. அகலம் 2/0-க்குப் போதாது; கம்பி காடியின் உதடுகளில் நிற்கிறது, உள்ளே இறங்கவில்லை. வைரத்தூள் ஒட்டிய ஊசி அரத்தால் 1.4 மி.மீ. வரை விரித்து, முள்ளின் வளைவுக்கு இணையாகச் சற்று வளைத்துவிடுங்கள். கடினமான நுனியில் அந்த அரம் ஏறும், மெதுவாக ஏறும்.

#11 ஆற்றுவளைவு

தாடை நல்லபடியாக வந்ததில் மகிழ்ச்சி. இப்போது சுழற்சிக்கு வரலாம் என்று நினைக்கிறேன். ஐயாவோடு ஓரிடத்தில் நான் வேறுபடுவேன் என்றும் நினைக்கிறேன். பேரிங் வைப்பதில் எனக்கு உடன்பாடுதான். கம்பி சுற்றும்போது விரலின் ஒரு தட்டலில் முள் சுழல வேண்டும். சிறிய தடை இருந்தாலும் கை அதை உணரும். ஆனால் பேரிங் மட்டும் வைத்தால், தாடை அச்சுக்குக் கீழே கனமாக இருப்பதால், கையை எடுத்தவுடன் அது ஆடி ஆடிக் கீழே வந்து நிற்கும். முழங்கை இணைப்புக்கு எதிர்ப்பக்கத்தில் ஒரு பித்தளை எதிரெடை வேண்டும். அதோடு, தண்டை அழுத்தும் நைலான் முனை கொண்ட கிரப் ஸ்க்ரூ (தலையில்லாத் திருகு) ஒன்றைத் தடைக்காக வையுங்கள்.

தாடையைப் பளபளப்பாக விட்டுவிடாதீர்கள். விளக்கொளி அதில் பட்டுக் கண்ணில் அடித்தால் 16ஆம் எண் முள்ளில் நூலே தெரியாது. கருமையாக்கும் கரைசலில் முக்கியெடுத்து எண்ணெய் தடவினால் போதும்.

#12 அரமும் அளவியும்

பேரிங் தவறில்லை. ஆனால் இவருக்கு நான் கன்மெட்டல் (ஒரு வெண்கல வகை) புஷ்ஷைத்தான், அதாவது தண்டு உள்ளே சுழலும் உலோகக் குழாயைத்தான், சொல்வேன். 6000 பேரிங்கின் வெளிவிட்டம் 26 மி.மீ.; அதைச் சுற்றி உடல் வைத்தால் 34 மி.மீ. உருளை கையின் வழியில் நிற்கும். புஷ் வைத்தால் 20 மி.மீ.-இல் முடித்துவிடலாம். தண்டுக்கும் புஷ்ஷுக்கும் இடையே 0.02 மி.மீ. இடைவெளி, நடுவில் கிரீஸ். தானாகவே மென்மையான தடை கிடைக்கும், கையை எடுத்த இடத்தில் நிற்கும். இரு புஷ்களுக்கும் இடையே குறைந்தது 50 மி.மீ. தொலைவு இருக்கட்டும். ஏனென்றால் அங்கே 0.05 மி.மீ. ஆட்டம் இருந்தால், 110 மி.மீ. முன்னால் நிற்கும் முள்ளில் அது 0.1 மி.மீ.-ஐத் தாண்டிவிடும், முள்ளின் கம்பி எவ்வளவு மெல்லியது என்பதை நினைத்துக்கொள்ளுங்கள்.

கம்பியை வேகமாகச் சுற்றிக்கொண்டே இருப்பவருக்கு ஆற்றுவளைவு சொல்வது பொருந்தும். மான் முடியில் பலமாக இழுத்துக் கட்டுபவருக்குச் சுழலாமல் நிற்பது முதல் தேவை. அதற்காக, எதை வைத்தாலும், தண்டை முழுமையாகப் பூட்டும் ஒரு திருகு தனியாக இருக்க வேண்டும்.

#13 ஓடைக்கரை

ஐயா சொன்னபடி முன் திருகைத் தளர்த்தி, உருண்டை வாஷர் வைத்து, காடியை விரித்த பின் 2/0 முள் நிற்கிறது. மான் முடியை நூல் அறுபடும் அளவுக்கு இழுத்துப் பார்த்தேன், நூல்தான் அறுந்தது.

புஷ், பேரிங் இரண்டில் புஷ்ஷைத் தேர்ந்துகொள்கிறேன். நான் கட்டுவதில் பாதிக்கு மேல் பெரிய முட்கள் என்பதால். ஆற்றுவளைவு சொன்ன எதிரெடையையும் 17 மி.மீ. காடியையும் வரைபடத்தில் சேர்த்துவிட்டேன். அடித்தளம் 20 மி.மீ. தகடு, தூண் இடது விளிம்பிலிருந்து 25 மி.மீ. உள்ளே. முழங்கை இணைப்பைப் பட்டையை வளைத்துச் செய்வதா, இரண்டு துண்டுகளை அலென் போல்ட்டால் இணைப்பதா என்பது மட்டும் முடிவாகவில்லை.

#14 அரமும் அளவியும்

இரண்டு துண்டுகள். வளைத்தால் கோணம் துல்லியமாக வராது. வந்த பின் திருத்தவும் முடியாது. 12 × 12 பிரைட் பார் எடுத்து, எம்5 அலென் போல்ட் ஒன்றோடு 4 மி.மீ. டவல் பின் (இடம் மாறாமல் நிறுத்தும் ஆணி) ஒன்றையும் சேர்த்துப் பூட்டுங்கள். முதலில் போல்ட்டை மட்டும் மாட்டி, நேரான ஊசியைத் தாடையில் பிடித்துச் சுழற்றி, ஊசியின் முனை வட்டமிடாமல் ஒரே புள்ளியில் நிற்கும் வரை இணைப்பைத் தட்டித் திருத்துங்கள். அது நின்ற பிறகுதான் டவல் பின்னுக்குத் துளையிட வேண்டும்.

#15 பனிமலை

வைஸ் கிரிப் வைஸ் செய்து முடித்துவிட்டேன். 12ஆம் எண் முள் அசையாமல் நிற்கிறது. பற்களை அராவும்போது இரு தாடைகளும் இணையாக வர, நடுவில் உப்புத்தாளை மடித்து வைத்து மூடி இழுத்தது மிகவும் உதவியது என்பதை, லேத் இல்லாதவர்களுக்காக இங்கே குறித்துவைக்கிறேன். ஓடைக்கரை அண்ணா, தாடையின் வரைபடத்தை அளவுகளோடு இங்கே ஏற்றிவிடுவீர்களா? ஓ.எச்.என்.எஸ். பட்டை கொழும்பில் கிடைக்குமா என்று விசாரித்துக்கொண்டிருக்கிறேன்.

#16 ஓடைக்கரை

கட்டாயம் ஏற்றுகிறேன், தம்பி. காடியின் வளைவை மட்டும் அளவாக எழுதாமல், நீங்கள் பயன்படுத்தப் போகும் முள்ளையே அச்சாக வைத்துக் குறித்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு வகை முள்ளுக்கும் வளைவு வேறுபடுகிறது. உங்களுக்கு 10 முதல் 14 வரைதான் தேவை என்பதால் காடியே இல்லாமலும் செய்யலாம். அப்போது நுனியை 3 மி.மீ.-க்குப் பதில் 2 மி.மீ. வரை கூராக்க முடியும்.